பனித்தளத்தில் ஓர் அணித்தலைவி

பனிக்கட்டித் தளத்தின்மீது ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுள்ள கருங்கல்லை வழுக்கவிட்டு, எதிர்ப்புறத்து வட்டத்தின் நடுவே நிறுத்துவது கேர்லிங் என்னும் விளையாட்டு. கல்லின் முன்னே தோழியர் இருவர் துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பர். உராய்வு குறைய, கல் மேலும் சிறிது தூரம் செல்லும். எவ்விடம் நோக்கி விடுவது, எப்பொழுது தேய்ப்பது எனக் கணிப்பது அணித்தலைவியின் கடன்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலே, பிகர் என்னும் சிற்றூரில் 1963ஆம் ஆண்டு பிறந்த சான்ட்றா சிமேர்லர் அக்கணிப்பில் வல்லவர். ஜான் பெட்கர், ஜோன் மக்கஸ்கர், மார்சியா குடரைட் ஆகிய மூவருடன் 1993, 1994, 1997ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். 1997 நவம்பரில், கைக்குழந்தையின் தாயாக ஒலிம்பிக் தெரிவுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இறங்கினார். ஓரத்தில் நின்ற கல்லொன்றில் தம் கல்லை மோதித் திசைதிருப்பி, நடுவே நின்ற எதிரணிக் கல்லை அகற்றினார். அச்சுற்றில் மூன்று புள்ளிகள் கிடைத்தன. 1998இல் நாகானோவில், மகளிர் கேர்லிங்குக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட ஒலிம்பிக் தங்கப்பதக்கமும் அவ்வணிக்கே உரியதாயிற்று.

அடுத்த ஆண்டிலே புற்றுநோய் அவரைப் பற்றியது. 2000 மார்ச் 2ஆம் நாள், 36ஆவது வயதில், இரு பெண்மக்களை விட்டு மறைந்தார். அவர் பெயரால் நிறுவப்பட்ட அறநிதியம், குறைமாதத்திலும் நோயுடனும் பிறக்கும் சிசுக்களைக் காக்கும் கருவிகளைக் கனடாவின் மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகின்றது.