அரசனா, நாடா? செங்கோட்டை வழக்கு பற்றி

ஒன்பதாம் தரத்தில் இரண்டாம் உலக யுத்தம் பற்றிய பாடமொன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, "சேர், எதிரியோட சேர்ந்த கைதி துரோகிதானே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஓமெண்டும் சொல்லலாம், இல்லையெண்டும் சொல்லலாம். 1945இல் டில்லி செங்கோட்டையில் நடந்த இராணுவ விசாரணையை அறிந்தவர் இரண்டில் ஒன்றை அவசரப்பட்டுச் சொல்லமாட்டார்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாளில் ஃபாரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர் கூட்டப்பட்டனர். பிரித்தானிய அதிகாரியொருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஜப்பானின் துணையோடு இந்திய தேசிய இராணுவம் உருவானது அங்குதான். பலர் சேர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் நியூகினித் தீவுக்கு அனுப்பப்பட்டு மிகக் கொடிய துன்பம் அனுபவித்தார்கள். அவர்களுக்கு ஊர்வலம் போக யாரும் வரவில்லை. மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்த தமிழர்கள் பெருந்தொகையாய்ச் சேர்ந்தது வேறு கதை, அவர்கள் கைதிகளல்லர்.

யுத்தம் முடிந்ததும் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லோன் ஆகிய மூவர் மீது, அரசனுக்கெதிராக யுத்தம் செய்ததாகவும் கொலை செய்ததாகவோ அதற்கு உடந்தையானதாகவோ குற்றம் சாட்டப்பட்டது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். விசாரணை நவம்பர் 5இல் தொடங்கியது. பூலாபாய் தேசாய்தான் பிரதானமாக வாதாடினார். நேருவும் பல வருடங்களுக்குப் பிறகு வழக்கறிஞர் அங்கி அணிந்து வந்தார். 1943இல் அமைந்த தற்காலிக அரசாங்கத்தைச் சில நாடுகள் அங்கீகரித்திருந்தன. ஆகவே இது இரு தரப்பு யுத்தம், உள்நாட்டுத் தண்டனைச் சட்டம் இங்கே பொருந்தாது என்பது தேசாயின் வாதம். ஷா நவாஸ் கானின் வாக்குமூலமோ சட்டத்தைவிட மனதைத் தொட்டது. தலைமுறை தலைமுறையாகப் படையில் சேவித்த குடும்பத்தவர் அவர். அரசனா நாடா என்று வந்தபோது நாட்டைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

ஆனால் அவர் மேலிருந்த கொலைக் குற்றச்சாட்டை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பர்மாவில் முகம்மது ஹுசைன் என்ற சிப்பாய், தப்பியோட முயன்றதாகச் சொல்லப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு உடந்தையென ஷா நவாஸ் கான் குற்றவாளியாகக் காணப்பட்டார். மற்ற இருவரும் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். தனக்கு அரசனை விட்டு விலக உரிமையுண்டு என்றவர், தன் படையை விட்டு விலகப் பார்த்தவனுக்கு அந்த உரிமையைக் கொடுத்தாரா? என் பார்வையில் வழக்கின் கனமான கேள்வி இதுதான்.

ஆயுள்காலம் நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. நாடே கொதித்தெழுந்திருந்த வேளையில், 1946 ஜனவரியில் தளபதி ஓகின்லெக் அதை நீக்கி, பதவிநீக்கத்தை உறுதிசெய்தார்.

அடுத்து கப்டன் அப்துல் ரஷீத். அவருக்காக வாதாட முன்வந்தது முஸ்லிம் லீக். 7 வருடக் கடூழியச் சிறை என்று தீர்ப்பு வந்ததும், 1946 பெப்ரவரியில் கல்கத்தா வீதிகளில் லீக் கொடியும் காங்கிரஸ் கொடியும் செங்கொடியும் ஒன்றாகப் போயின. துப்பாக்கிச் சூட்டில் பலர் மடிந்தார்கள். அதே நகரம் ஆறு மாதத்தில், ஓகஸ்டில், கண்டது வேறொன்று.

பிரிவினையில் ஷா நவாஸ் கானின் சொந்த ஊர் இருந்த ராவல்பிண்டி மாவட்டம் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் இந்தியாவிலேயே நின்றார். பிறகு மீரட்டிலிருந்து லோக்சபைக்குத் தெரிவாகி, பிரதியமைச்சராகவும் இருந்தார்.