ஒரே கொந்தராத்தை நம்பிய கடை

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லிங்கன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 19ஆம் நூற்றாண்டுப் பலசரக்குக் கடையொன்று, பழைய சரக்குகள் இறாக்கைகளில் இருக்க, இன்று நூதனசாலையாக விளங்குகிறது. அதைத் திறந்த ஜோன் டன்ஸ்டல் என்ற ஆங்கிலேய இளைஞர் ஒரு வருடம் செல்வதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். வியாபாரப் போட்டியே அதன் ஆரம்பம்.

லிங்கனுக்கு அண்மையில் 1855இல் ஸ்டான்டன் கோட்டை என்ற இராணுவ முகாம் அமைக்கப்பட்டது. படையினருக்கும் அயலிலிருந்த மெஸ்கலேரோ அப்பாச்சி பழங்குடியினருக்கும் அரசாங்கம் இறைச்சியும் மாவும் வழங்கியது. காசுப் புழக்கம் குறைந்த அப்பிரதேசத்தில் அந்தக் கொந்தராத்து யார் கையிலோ, சந்தையும் அவர் கையில்தான்.

அது லோரன்ஸ் மர்பியின் கையில் இருந்தது. கோட்டைக்குள் கடை நடத்திய அவர், 1873இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டதும் லிங்கனில் இரண்டு மாடிக் கடை எழுப்பினார். விவசாயிகள் அங்கே கடனுக்குச் சாமான் வாங்கி, அறுவடையில் தானியமாகத் தீர்த்தார்கள். சாமானுக்கும் விலை கடைக்காரர் சொன்னதே, தானியத்துக்கும் விலை அவர் சொன்னதே.

1877இல் டன்ஸ்டல், சட்டத்தரணி மெக்ஸ்வீனுடன் சேர்ந்து எதிர்க்கடை திறந்தார். வங்கியும் ஆரம்பித்தார். இவரும் தர்மத்துக்கு வந்தவரல்லர். அந்த மாவட்டத்தில் யார் சம்பாதிக்கும் டொலரிலும் பாதி தனக்கு வரவேண்டும் என்பதே தமது திட்டம் எனத் தந்தைக்கு எழுதியவர். ஆனாலும் மக்களுக்குப் போக இன்னோர் இடம் கிடைத்துவிட்டது.

அப்போது மர்பியின் கடை ஜேம்ஸ் டோலனிடம் கைமாறியிருந்தது. ஏற்கனவே கடனில் இருந்த அக்கடை 1878 ஜனவரியில் ஈடு வைக்கப்பட்டது. விலையில் போட்டியிட வழியில்லாத டோலன் தரப்பு நீதிமன்றத்தை நாடியது. மெக்ஸ்வீனுக்கு எதிரான ஒரு காப்புறுதிப் பண வழக்கில், அவரது பங்காளி எனக் கருதப்பட்ட டன்ஸ்டலின் சொத்துக்கும் பற்றுதல் கட்டளை பாய்ந்தது. 1878 பெப்ரவரி 18ஆம் திகதி, கட்டளையை நிறைவேற்ற வந்த குழுவினர் அவரைக் கொன்றனர். வயது 24.

பழிக்குப் பழி தொடர்ந்தது. ஜூலையில் ஐந்து நாள் துப்பாக்கிச் சண்டையில் மெக்ஸ்வீனும் மாண்டார். மர்பியின் மாடிக்கடை பின்னர் நீதிமன்றக் கட்டடமானது. 1896இல் கோட்டையை விட்டு இராணுவமும் போய்விட்டது.

முகாமையோ தொழிற்சாலையையோ ஒரு பெரிய கொந்தராத்தையோ மட்டும் நம்பியிருக்கும் கடைக்காரர் யோசிக்க வேண்டிய கதை இது. அது நாளை இடம் மாறினால் நம் கடையில் மிஞ்சுவது என்ன? பங்காளி யார், பங்காளி அல்லாதவர் யார் என்பது எழுத்தில் இருக்கிறதா?

கடன் கொப்பியில் பெயருள்ளவர் எல்லாம் வாடிக்கையாளர் அல்லர். கடனைத் தீர்த்த மறுநாளும் நம் கடைக்கு வருபவரே வாடிக்கையாளர்.