கனவான் வேடத்தில் கொள்ளைக்காரன்!

கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கிவிட்டது. வெளியே பனி மூடிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பாங்கி.

மானேஜர் போர்டைஸ் உள்ளே நுழைகிறார். ஊழியர்களின் பேச்சு சட்டென்று நிற்கிறது. அவ்வளவு கண்டிப்பான மனிதர் அவர்! யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார்.

கணக்கில் ஒரு சிறு தவறு நேர்ந்திருக்கிறது. அதற்காகத் தலைமைக் குமாஸ்தா பியர்சனை அறைக்குள் அழைக்கிறார். வேலையைவிட்டே நீக்கிவிடுவதாக மிரட்டுகிறார். பியர்சன் நடுங்கிப் போகிறார்.

"காஷ் ஆன் டிமாண்ட்" என்ற ஆங்கிலப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. 1961-ல் தயாரான கறுப்பு-வெள்ளைப் படம் இது. "கேட்டவுடன் ரொக்கம்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

டெலிபோனில் அலறல்

சற்று நேரத்தில் பாங்கிக்கு ஒரு கனவான் வருகிறார். பெயர் கர்னல் கோர்-ஹெப்பர்ன். இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி என்கிறார். மானேஜரும் மரியாதையோடு வரவேற்கிறார்.

டெலிபோன் மணி அடிக்கிறது. மானேஜர் எடுக்கிறார். மறுமுனையில் அவருடைய மனைவியின் அலறல்!

கர்னல் புன்சிரிப்போடு உண்மையைச் சொல்கிறார். மானேஜரின் மனைவியும் மகனும் தம் ஆட்களிடம் சிக்கியிருக்கிறார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் இருவர் உயிரும் போய்விடும் என்கிறார். வந்தவர் கொள்ளைக்காரர்!

90,000 பவுண்டுக்கு மேல் கொள்ளை போக வேண்டும். அதற்கு மானேஜரே உதவ வேண்டும். வெளியே ஊழியர்கள் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. மானேஜருக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

கர்னல் கொள்ளையடிப்பதோடு நிற்கவில்லை. ஊழியர்களை இப்படியா நடத்துவது என்று மானேஜருக்குப் புத்தியும் சொல்கிறார்!

செலவோ சொற்பம்

அந்நாளில் இங்கிலாந்தில் ஒரே காட்சியில் இரண்டு படங்கள் காட்டுவார்கள். பெரிய படத்துக்குத் துணையாக ஒரு சிறு படம் ஓடும். அத்தகைய சிறு படம்தான் இது.

பேய்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற ஹாம்மர் கம்பெனி இதை எடுத்தது. செலவு ஏறக்குறைய 37,000 பவுண்டு. கதையில் கொள்ளை போகும் பணத்தில் பாதிகூட இல்லை!

படம் முழுவதும் ஏறக்குறைய பாங்கிக்குள்ளேயே நடக்கிறது. கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் மானேஜரின் தவிப்பை நாமும் நிமிடத்துக்கு நிமிடம் அனுபவிக்கிறோம்.

முதலில் டெலிவிஷன் நாடகமாக வந்த கதை இது. நாடகத்தை இயக்கிய குவென்டின் லாரன்சே படத்தையும் இயக்கினார். மானேஜராக நடித்தவர் பீட்டர் குஷிங். கர்னலாக நடித்தவர் ஆந்த்ரே மோரெல். 1959-ல் வந்த ஒரு துப்பறியும் படத்தில் குஷிங் ஷெர்லக் ஹோம்ஸ். மோரெல் அவருடைய நண்பர் வாட்சன்! இந்தப் படத்திலோ இருவரும் எதிரிகள்.

குமாஸ்தாவின் கையில்

இதற்குள் ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. போலீசுக்கும் தகவல் போகிறது. போலீஸ் வந்தால் மனைவி, மகன் கதி என்னவாகும்?

மானேஜர் துடிக்கிறார். காலையில் தாம் மிரட்டிய அதே பியர்சனிடம் கைகூப்பாத குறையாகக் கெஞ்சுகிறார்.

பாங்கியின் பணமெல்லாம் மானேஜரின் பொறுப்பில் இருந்தது. ஆனால் ஆபத்து வந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது பணம் அல்ல. ஒரு குமாஸ்தாவின் இரக்கம்!

பியர்சன் இரங்கினாரா? மனைவியும் மகனும் என்ன ஆனார்கள்? அதைத் திரையில் காண்பதே சிறப்பு.