பிள்ளையின் பாதமும் சப்பாத்தும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு முதலில் வந்து சேரும் உதவிகளுள் பழைய உடுப்புகளும் சப்பாத்துகளும் அடங்கும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவினால் வீடும் காணியும் இழந்த கண்டி மாவட்டக் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். பெட்டியைத் திறந்ததும் பிள்ளையின் காலுக்கு ஏறக்குறையப் பொருந்தும் ஒரு சோடியைத் தேடி எடுக்கிறோம். சிறிது இறுக்கமாக இருந்தாலும், "போடப் போடச் சரியாகிவிடும்" என்று மாட்டிவிடுகிறோம். உண்மையில் அங்கே வளைந்து கொடுப்பது பெரும்பாலும் பிள்ளையின் பாதமே.

பாதம் எவ்வாறு வளர்கிறது?

வளர்ந்த ஒருவரின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் பாதத்திலோ பெரும்பகுதி மென்மையான குருத்தெலும்புதான். அது முழுமையாக எலும்பாகி முடிய ஏறக்குறைய 18 வயதாகிவிடும். பிஞ்சுப் பூசணியைப் பெட்டிக்குள் வைத்தால் அது பெட்டியின் வடிவத்திலேயே முற்றும் அல்லவா? பிள்ளையின் பாதமும் அப்படித்தான். அது மென்மையாக இருப்பதால், சப்பாத்து நெரிப்பதைச் சிறு பிள்ளை பல வேளைகளில் உணராது, அழாது. பெற்றோரே பார்த்து அறிய வேண்டும்.

நடை பழகும் பிள்ளையின் உள்ளங்கால் தட்டையாகத் தெரிவது இயல்பு. உள்ளங்கால் வளைவு பல ஆண்டுகளில் மெல்ல மெல்லவே உருவாகும். பிள்ளை வெறுங்காலுடன் மேடுபள்ளங்களில் நடந்து, விரல்களை விரித்து ஊன்றும்போது பாதத்தின் தசைகள் வேலை செய்து பலமடைகின்றன.

ஆய்வுகள் கூறுவது

நமது அயல் நாடான இந்தியாவில் ராவ், ஜோசப் ஆகிய வைத்தியர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் கால்களைப் பரிசோதித்து, 1992ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. விரல்களை மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடம் அது அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. 1995இல் 1,846 வளர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஆறு வயதுக்கு முன்பே சப்பாத்து அணியத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 3.24 பேருக்கும், 16 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் 1.75 பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது.

இதைக் கேட்டு, தட்டைப்பாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. வலியில்லாத தட்டைப்பாதம் நோயல்ல. அதைத் திருத்தவென்று விற்கப்படும் விசேட சப்பாத்துகள் சிறு பிள்ளைகளுக்குப் பயனளிக்கவில்லை என்பதை 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அவற்றுக்காகக் கடன்பட வேண்டாம்.

அப்படியானால் வெறுங்காலே போதுமா?

போதாது. மலசலகூட வசதி குறைந்த இடங்களில் ஈர மண்ணில் வாழும் கொழுக்கிப் புழுவின் குடம்பி, பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை சோகை பிடித்துச் சோர்ந்துவிடும். வயற்சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமியும், இடிந்த வீடுகளின் அருகே ஆணியும் கண்ணாடித் துண்டும் காத்திருக்கின்றன. ஆகவே சுத்தமான வீட்டுத் தரையிலும் கூட்டிப் பெருக்கிய முற்றத்திலும் பிள்ளை வெறுங்காலுடன் ஓடி விளையாடட்டும். மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் வீதிக்கும் செல்லும்போது காலணி கட்டாயம் வேண்டும்.

காலணியின் வேலை பாதத்தைக் காப்பது, பிடித்து நெரிப்பதல்ல. மேல்நாடுகளில் இக்கருத்தை வைத்தே 'வெறுங்கால் சப்பாத்து' என்ற பெயரில் அதிக விலைக்கு விற்கிறார்கள். மெல்லிய, வளையும் அடி, உயராத குதி, அகன்ற முன்புறம் ஆகியவையே அதன் குணங்கள். கண்டிச் சந்தையில் கிடைக்கும் சாதாரண கான்வஸ் சப்பாத்திலும், பின்வார் உள்ள செருப்பிலும் கூட இவற்றைத் தேடிக்கொள்ளலாம்.

தெரிவு செய்யும் முறை

1. பிள்ளையைக் கடதாசியின் மேல் நிற்க வைத்து, இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்து வெட்டி எடுங்கள். அந்தத் துண்டைச் சப்பாத்துக்குள் வையுங்கள். ஓரம் மடிந்தால் அது சிறியது.

2. மிக நீண்ட விரலுக்கு முன்னால் பெரியவரின் பெருவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதானால் பிள்ளை இடறி விழும்.

3. சப்பாத்தின் முன்பகுதியைக் கையால் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் அது இலகுவாக மடிய வேண்டும்.

4. பழைய சப்பாத்தானால் அடியைத் திருப்பிப் பாருங்கள். குதி ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே முன்னையவரின் கால் வடிவம் ஆழமாகப் பதிந்திருந்தாலும் வேண்டாம்.

5. சிறு பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளவு பாருங்கள். காலுறை இறுகினாலும் விரல்கள் நெரியும்.

எப்போது வைத்தியரை நாடுவது?

பாதம் வலித்தாலும், விறைத்திருந்தாலும், ஒரு கால் மட்டும் வேறுபட்டிருந்தாலும், பிள்ளை நொண்டினாலும், மூன்று வயதுக்குப் பின்னும் நுனிக்காலில் நடந்தாலும் தாமதிக்க வேண்டாம். பிறக்கும்போதே பாதம் உட்புறமாகத் திரும்பியிருந்தால் முதல் வாரங்களிலேயே காட்டுங்கள். முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ வழி கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. சப்பாத்து இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் பாடசாலைக்குப் போகாமல் நிற்கக்கூடாது. தம்பியின் காலை அண்ணனின் சிறுத்துப்போன சப்பாத்துக்குள் திணித்து அனுப்பவும் கூடாது. பெற்றோர் ஒன்றுகூடி அதிபரைச் சந்தித்து, நிலைமை சீராகும்வரை செருப்புடன் வர அனுமதி கேளுங்கள். தனியே கேட்கத் தயங்கும் தாய்க்கு, பத்துப் பேர் சேர்ந்து நின்றால் துணிவு வரும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

- நமது குடியிருப்பில் பிள்ளைகள் வெறுங்காலுடன் பயமின்றி விளையாடத்தக்க இடம் எது? அதைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை யார் ஏற்பது?
- சிறுத்துப்போன நல்ல சப்பாத்துகளை அளவு பார்த்து, குடும்பங்களிடையே மாற்றிக்கொள்ள என்ன ஒழுங்கு செய்யலாம்?