கடல் கடந்து ஓடப் போகலாமா?

"மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். காசி ராமேசுவரம் போவார்கள், அதுவும் தெரியும். ஓடுவதற்காகவா விமானம் ஏறிப் போவார்கள்?" என்று வீட்டில் இருக்கும் பாட்டி கேட்டால், சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். நியாயமான கேள்விதான். கையில் இருக்கும் பணத்தைச் செலவழித்து, பாஸ்போர்ட், விசா என்று அலைந்து, முன்பின் தெரியாத ஊரில் விடியற்காலையில் எழுந்து, கால் கடுக்க 42 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஒரு பதக்கத்தோடு திரும்பி வருகிறார்களே, இது என்ன பித்து?

பித்தோ இல்லையோ, நம் பக்கத்திலும் இது பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும் நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட் சாலைகளையோ, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையையோ, பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் பக்கத்தையோ எட்டிப் பாருங்கள். ஒரே நிறச் சட்டை போட்ட நாலைந்து பேர் பேசிக்கொண்டே ஓடிப் போவார்கள். ஆண்கள் மட்டுமல்ல, இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சென்னையில் 2006-ல் தொடங்கிய 'சென்னை ரன்னர்ஸ்' அமைப்புக்குப் பிறகு வட்டாரத்துக்கு ஒரு குழு என்று கிளை விட்டு வளர்ந்த பழக்கம் இது. முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, பிறகு அரை மாரத்தானாகிய 21.1. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் ஒரு முறை ஓடி முடித்தவர்களுக்கு, "அடுத்தது சிங்கப்பூர் போவோமா, கொழும்பு போவோமா?" என்று பேச்சு கிளம்பிவிடும். குழுவில் ஒருவர் தலைவர் மாதிரி பொறுப்பேற்று, எட்டு, பத்து மாதம் முன்பே போட்டியைத் தேர்ந்தெடுத்து, சேர்ந்து டிக்கெட் எடுத்து, அறையைப் பகிர்ந்துகொண்டு போய் வருவார்கள்.

இதில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். குடும்பத்தோடு போகிறவர்களில் பல இடங்களில் ஓடுகிறவர் கணவர். அவருடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு முடிவுக் கோட்டருகே நிற்பது மனைவி. கைதட்ட ஒருவர் வேண்டியதுதான். ஆனால் கைதட்டுகிறவர் ஏன் எப்போதும் நாமாகவே இருக்க வேண்டும்?

வெள்ளித் தேநீர்ச் செட்டு வாங்கிய பெண்மணி

ஓடப் போகிற இந்தியர்களுக்குப் பிரியமான போட்டிகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் 'காம்ரேட்ஸ்'. ஆண்டுதோறும் இங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். டர்பன் நகருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே, மலைப்பாதையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பூந்தமல்லியில் கிளம்பி வாலாஜாபேட்டை வரை ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்களேன்! ஓர் ஆண்டு மேடேறும் ஓட்டம், அடுத்த ஆண்டு இறங்கும் ஓட்டம் என்பது பொதுவான வழக்கம். பன்னிரண்டு மணி நேரம்தான் கெடு. கெடு முடியும் கணத்தில் ஓர் அதிகாரி ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். ஒரு விநாடி பிந்தி வந்தாலும் பதக்கம் கிடையாது. யார் தவறவிட்டார் என்று அவர் கண்ணால் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முதுகு.

முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்ற ரயில் என்ஜின் டிரைவர் 1921-ல் தொடங்கிய போட்டி இது. முதல் ஆண்டு ஓடப் புறப்பட்டவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16. பெண்களுக்கு இடமில்லை. 1923-ல் ஃபிரான்சிஸ் ஹேவார்ட் என்ற பெண்மணி விண்ணப்பித்தார்; மறுத்துவிட்டார்கள். "போகட்டும்" என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. போட்டியாளர் எண் இல்லாமலே கூட ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சக ஓட்டக்காரர்களும் சேர்ந்து அவருக்கு வெள்ளியில் ஒரு தேநீர்ச் செட்டும் ரோஜாக் கிண்ணமும் பரிசளித்தார்கள். அத்தனை மலை ஏறி இறங்கியவருக்குத் தேநீர்ச் செட்டு! அன்பாகக் கொடுத்ததுதான், இருந்தாலும் சமையலறைக்கே திருப்பி அனுப்பிய மாதிரி எனக்குப் படுகிறது.

பெண்களை முறைப்படி அனுமதித்தது 1975-ல். வெள்ளையரல்லாதாருக்குக் கதவு திறந்ததும் அதே ஆண்டில்தான். இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'டுரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் தங்கள் ஊர்ச் சாலையில் நடக்கும் பந்தயத்தில் முறைப்படி கலந்துகொள்ள 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தையும் நீங்கள் அறிவீர்கள். 1893 ஜூன் 7 இரவு காந்திஜியை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம் அது. ஓடப் போகிறவர்கள் அந்த நடைமேடையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

2024-ல் மேடேறும் ஓட்டத்தை கெர்டா ஸ்டெய்ன் என்ற பெண் 5 மணி 49 நிமிடம் 46 விநாடியில் முடித்தார். நாம் அவரோடு போட்டி போடப் போவதில்லை. ஒடிசாக்காரரான மதுஸ்மிதா ஜெனா 2023-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தானைச் சம்பல்பூரிப் புடவை கட்டிக்கொண்டு 4 மணி 50 நிமிடத்தில் ஓடியதையும் சொல்லி வைக்கிறேன். "என்ன உடை போடுவது?" என்று தயங்குகிறவர்களுக்காக.

சீட்டுக் குலுக்கலும் காகித வேலையும்

பெரிய போட்டிகளில் இடம் கிடைப்பது லேசு அல்ல. லண்டன் மாரத்தானின் 2026-ஆம் ஆண்டுக் குலுக்கலுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள்! குலுக்கலில் விழாவிட்டால், தரும காரியத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்து இடம் வாங்கலாம்; அல்லது போட்டி நடத்துகிறவர்கள் அங்கீகரித்த சுற்றுலா நிறுவனத்தில் விடுதியோடு சேர்த்து வாங்கலாம். பாஸ்டன் மாதிரி இடங்களில் வயதுக்கேற்ற வேகத்தில் ஓடிக் காட்டியும் நுழையலாம். வேறொருவர் பெயரில் உள்ள எண்ணை மலிவாக வாங்கி ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வழியில் மயக்கம் போட்டு விழுந்தால், மருத்துவர்கள் கையில் இருப்பது இன்னொருத்தியின் பெயரும் இன்னொருத்தியின் உடல் விவரமுமாக இருக்கும்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு சாலிக்கிராமம், அமைந்தகரை சேவை மையங்கள் நம் பக்கத்துக்குச் சௌகரியம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். இருப்பவர்கள், பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இத்தாலி மாதிரி நாடுகளில் ஓட மருத்துவர் சான்றிதழும் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொண்டால்தான் சான்றிதழ் செல்லும். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, "மாரத்தான் ஓடினால் செல்லுமா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். போட்டி விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு.

குழுவில் பணம் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள். போட்டிக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. எல்லோரும் போகிறார்களே என்று கூட்டத்தோடு கோவிந்தா போட்டுவிட்டுப் பிறகு வீட்டில் முகம் தூக்குவதில் பயனில்லை. முதல் முறை கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் போதும். விமானப் பயணமும் குறைவு, வெயிலும் வேர்வையும் நமக்குப் பழகியதே. மாதாமாதம் ஆர்.டி. கட்டி, முழுத் தொகை சேர்ந்த பிறகு பெயர் கொடுப்பது என் யோசனை.

உடம்பு என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியமான சமாசாரம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! ஷூ வாங்கும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே காபி குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது; எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது.

பிரசவமானவர்கள் குறைந்தது மூன்று மாதம் ஓட்டத்தை நினைக்க வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரம்மாவைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இருமினாலும் குதித்தாலும் சிறுநீர் கசிகிறதா? "பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று மூடி மறைக்காதீர்கள். இடுப்படித் தசைகள் தளர்ந்திருக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும். லண்டன், பாஸ்டன் போட்டிகளில், பதிவு செய்த பிறகு கர்ப்பமானால் பின்னொரு ஆண்டுக்கு இடத்தைத் தள்ளிப்போட வசதி இருக்கிறது. பணம் போய்விடுமே என்று யாரும் வயிற்றில் பிள்ளையோடு சிரமப்பட வேண்டாம்.

அடுத்தது, கோயிலுக்குப் போகும்போது மருந்துக்கடையில் நாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, நாள் தள்ளிப்போடும் மாத்திரை! பந்தய நாளில் மாதவிலக்கு வந்துவிடுமோ என்று அதை விழுங்கிவிட்டுப் பத்து, பதினைந்து மணி நேரம் விமானத்தில் அசையாமல் உட்காருவது ஆபத்து. சிலருக்குக் காலில் ரத்தம் உறையும். குடும்பத்தில் யாருக்காவது அந்தத் தொல்லை இருந்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம். மற்றவர்களும் டாக்டரைக் கேட்டே தீர வேண்டும். அந்த நாட்களில் ஓடினால் கெடுதல் ஏதுமில்லை. வலியும் போக்கும் அதிகமாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தப்பு, பயத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவிகிதம் பேருக்கு உப்பு அபாயகரமாகவோ ஓரளவோ குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, நிறையக் குடிக்கிறவர்களுக்குத்தான் இது வரும். சின்ன உடம்புள்ள பெண்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். ஓடும் முன் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வலி மாத்திரை போட்டுக்கொள்வதும் கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெட்டியில் என்ன வைப்பது?

பந்தயத்துக்கு முதல் நாள் புது ஊர், புதுச் சாப்பாடு என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள். வெந்த சாதம், கொஞ்சம் தயிர், உப்பு. இதைவிட வயிற்றுக்கு இதமானது எது? புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிட வேண்டும், மறைத்தால் அபராதம். குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப் போகிறவர்கள் கவனியுங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மின்சார அழுத்தம் நம்முடையதில் பாதிதான், சாதம் வேகாது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் கவலை இல்லை. அங்கே பரவலாக இருக்கும் பெரிய மூன்று முனைப் பிளக், நம் வீட்டு கெய்சருக்குப் போடுவதே! ஆனால் ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். ஆவடியில் கத்திரி வெயிலில் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பல் கிட்டிவிடும். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்று, ஓட்டம் தொடங்கியதும் கழற்றிவிடலாம்.

ஓடும் ஷூவைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் ஓடிவிடலாம். புது ஷூ, புது உள்ளாடை எதையும் பந்தயத்தன்று முதல் தடவையாகப் போடாதீர்கள். தொடையிலும் மார்பிலும் தோல் உரிந்து, குளிக்கும்போது தெரியும் எரிச்சல். போட்டி எண்ணை அநேகமாக நீங்களே நேரில், பாஸ்போர்ட்டோடு போய்த்தான் வாங்க வேண்டும். எனவே இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்கள். திரும்புவதும் அன்று இரவே வேண்டாம். மறுநாள் கால் வீக்கமெல்லாம் கொஞ்சம் வடிந்த பிறகு, மாலை விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்தபடி வாருங்கள்.