மலைத் தோட்டத்தில் குழாய் நீரின் அழுத்தத்தை அடக்குவது எப்படி?

சேர்வராயன் மலையில் மேட்டு ஊற்று நீரைத் தொட்டியில் சேர்த்து, மோட்டார் இன்றியே குழாய் வழியாகக் கீழ்த் தோட்டத்துக்கு இறக்குவதை விவசாயப் பெருமக்கள் அறிவீர்கள். மின் செலவு இல்லை. ஆனால் மாசி, பங்குனியில் மிளகுக் கொடியும் காப்பிக் கன்றும் வாடும் நேரத்தில் குழாய் வெடித்து, தொட்டி நீர் முழுவதும் பள்ளத்தில் ஓடிவிட்டால் என்ன செய்வது?

"பகலில் நன்றாக ஓடுகிறது, இரவில் வால்வை மூடிவிட்டுப் போனால் காலையில் வெடித்துக் கிடக்கிறது" என்று ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக் கொண்டார். குழாய் மட்டமான சரக்கு என்பது அவர் எண்ணம். காரணம் அதுவன்று.

குழாயின் அடியில் நிற்கும் அழுத்தம் தொட்டியின் அளவையோ குழாயின் நீளத்தையோ பொறுத்ததல்ல. தொட்டிக்கும் தோட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தையே பொறுத்தது. 33 அடி உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ வீதம் அழுத்தம் ஏறும். நீர் ஓடும்போது குழாய்ச் சுவரில் உராய்வதால் அதில் ஒரு பகுதி குறைகிறது. வால்வை மூடியதும் ஓட்டம் நின்று, முழு அழுத்தமும் குழாயின் மீது நிற்கிறது. அவரது தொட்டி 200 அடி மேலே இருந்தது. அழுத்தம் 6 கிலோ. போட்டிருந்ததோ 4 கிலோ தாங்கும் பி.வி.சி. குழாய். வால்வைச் சட்டென்று மூடினால், ஓடிவந்த நீர் மோதி மேலும் ஓர் அடி விழும். ஆகவே எப்போதும் மெதுவாகவே மூடுங்கள்.

வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் அழுத்தம் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வால்வுக்குக் கீழே அடங்கும். மேலே உள்ள குழாயில் அடங்காது. அதற்கு வழி, சரிவின் பாதியில், அதாவது 100 அடியில், திறந்த சிறு தொட்டி ஒன்று கட்டுவதே. காற்றுப் படும் இடத்தில் அழுத்தம் முறிந்துவிடும். அங்கிருந்து நீர் மீண்டும் புதிதாக இறங்குவதால் கீழே 3 கிலோதான் நிற்கும். மேல் குழாயிலும் அவ்வளவே. அந்தத் தொட்டியில் மிதவை வால்வு பொருத்தினால் நீர் வழிந்து வீணாகாது. உயரத்தைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். மலையில் கண் ஏமாற்றும். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயால் படிப்படியாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

குழாய் மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்து ஓட்டம் குறையும். மேட்டின் உச்சியில் காற்றுப் போக்கி வைக்க வேண்டும்.

இனி ஓட்டத்தின் அளவு. 15 லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிறைந்தால், மணிக்கு 1,800 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவான்களை 450 வரை இதில் இயக்கலாம். கொடிக்கு இரண்டு வீதம் வைத்தால் 225 மிளகுக் கொடிகள். கோடையில் ஊற்று சுருங்கும் என்பதால் பங்குனியில் ஒருமுறை வாளி வைத்து அளந்து, அந்தக் கணக்குக்கே கொடிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து நீர் விடுங்கள்.