துருவைக் கண்டு ஒதுக்க வேண்டாம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1919-இல் ஹெர்பர்ட் டாட்ஸ் தொடங்கிய டெல்டா நிறுவனமும், நியூஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் இயங்கிய வாக்கர்-டர்னர் நிறுவனமும், 1930-களில் வீட்டிலேயே பட்டறை வைத்துக்கொள்ள விரும்பிய சாதாரண மக்களை மனத்தில் கொண்டு வார்ப்பிரும்புத் துளையிடும் இயந்திரங்களைச் செய்து விற்றன. டெல்டா 1945-இல் ராக்வெல் நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னும் இவ்வகை இயந்திரங்கள் தொடர்ந்து வெளிவந்தன. அவற்றில் பல இன்றும் அந்நாட்டு வீடுகளின் கார் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் துருவேறிக் கிடக்க, பொறுமையுள்ளவர்கள் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு மீண்டும் வேலைக்குக் கொண்டுவருகிறார்கள்.

நம் பட்டறைகளில் பில்லர் டிரில்லிங் மெஷின் என்று வழங்கும் இயந்திரத்தின் அமைப்பே இவற்றின் அமைப்பும் ஆகும். கனமான அடிப்பாகத்தில் ஒரு தூண் நிற்க, அதன் உச்சியில் உள்ள தலைப்பகுதியில் மோட்டாரும் பெல்ட்டும் சுழற்றும் ஸ்பிண்டில் என்ற தண்டு இருக்கும். அத்தண்டைப் பேரிங்குகளோடு தன்னுள் தாங்கியபடி, கைப்பிடியைத் திருப்பும்போது பல்சக்கரத்தால் கீழிறங்கும் உருளையான உறைக்குக் குவில் என்று பெயர். 14 அங்குல இயந்திரம் என்றால், தூணின் விளிம்பிலிருந்து துளையிடும் அலகின் மையம் வரை 7 அங்குலம் இருக்கிறது என்றும், 14 அங்குல அகலப் பலகையின் நடுவில் அதனால் துளையிட முடியும் என்றும் பொருள்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குவிலைத்தான். அதை முழுவதும் கீழிறக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கையில் தளர்ந்து ஆடினால், அது நகரும் வார்ப்பின் உட்சுவரே தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்; அதைச் சரிசெய்வது வீட்டுப் பட்டறையில் எளிதன்று. ஸ்பிண்டில் வளைந்திருக்கிறதா என்பதை, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் என்ற அளவுகருவியை அதன் மேல் பொருத்தி மெதுவாகச் சுழற்றி அறியலாம்; விலகல் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். தலைப்பகுதியிலோ, துளையிடும் பொருளை வைக்கும் மேசையிலோ விரிசல் இருந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுவதே நலம். மேசையில் முந்தைய உரிமையாளர்கள் தவறுதலாக இட்ட துளைகளால் குறை எதுவும் இல்லை. வேகத்தையும் கேட்டறிய வேண்டும். சாதாரண எஃகில் 10 மில்லிமீட்டர் துளையிட நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றும், 20 மில்லிமீட்டர் துளைக்கு 400 சுற்றும் தேவைப்பட, மரவேலைக்கென்று செய்யப்பட்ட பழைய சிறிய இயந்திரங்களில் 500-க்குக் கீழே இறங்காதவை பல உண்டு.

வாங்கிய இயந்திரத்தைப் பிரிக்கும்போது இரண்டு இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். அலகைப் பற்றிக்கொள்ளும் சக், சில இயந்திரங்களில் மரையுள்ள வளையத்தாலும் பிணைக்கப்பட்டிருக்கும். வளையத்தைக் கழற்றாமல் சுத்தியலால் அடித்தால் ஸ்பிண்டில் கெட்டுவிடும். குவிலை மேலே இழுக்கும் சுருள்வில் எப்போதும் முறுக்கேறியே இருப்பதால், அதன் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாகத் தளர்த்தாவிட்டால் கையைக் கிழித்துவிடும். பேரிங்குகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அவற்றின் அளவுகள் நெடுங்காலமாக உலகெங்கும் பொதுவாக இருப்பதால், பெரும்பாலானவற்றுக்கு இன்றும் கடையில் மாற்று கிடைக்கும்.

துருவை நீக்கச் சிறந்த வழி மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி மூழ்கவைக்க வேண்டும். முனைகள் மாறிவிட்டால் செப்பனிட வந்த பாகமே அரிக்கப்பட்டுவிடும். தகட்டுக்குப் பதிலாக எவர்சில்வரைப் பயன்படுத்தினால் புற்றுநோயை உண்டாக்கும் குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கக்கூடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றால் ஆன, பெல்ட் ஓடும் புல்லிகளையும் இக்கரைசலில் இடக்கூடாது. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பில்லாமல் இதைச் செய்ய வேண்டும். இம்முறையில் துரு மட்டுமே தளர்ந்து, நல்ல இரும்பு தேயாமல் நிற்கிறது. மின்சாணைக்கல்லால் தேய்ப்பதைவிட இது மேலானது என்பதற்கு இதுவே காரணம். வெளியே எடுத்த பாகத்தை உடனே கழுவி, துடைத்து, எண்ணெய் தடவாவிட்டால் சிறிது நேரத்திலேயே புதுத்துரு படரத் தொடங்கும்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக்கூடாது. பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம், ஏனெனில் நேராகச் சுழலும் ஸ்பிண்டிலுக்குப் புதுவண்ணம் எதையும் கூட்டுவதில்லை. செப்பனிட்ட இயந்திரத்தில் வேலை தொடங்கும்போது பொருளை வைஸில் இறுக்கிப் பொருத்துங்கள். சுழலும் அலகு துணியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால், கையுறை மட்டும் ஒருபோதும் அணியாதீர்கள்.